ஈக்வேஷனுக்கு விட்ட இடம்

சரவணா, நீ சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. நேற்று போனில் கத்தின கத்தலிலேயே உன் நெஞ்சும் தொண்டையும் திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. நானும் சௌக்கியம்தான், முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது. கல்யாணத்துக்கு மண்டபம் பேசி, பத்திரிகை வைத்து, பந்தக்கால் நடப் போகிற நேரத்தில், "நாத்தனார் முடிச்சைப் பெரியப்பா பொண்ணு போடட்டும், அக்காகிட்ட யாரும் போயி நிக்க வாணாம்" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து என்றால் நடுவில் தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை. மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன் என்றும் நினைக்காதே. மண்டபத்தில் உன் கூட்டாளிகள் வாழ்த்து மடல் அடித்துக் கொடுப்பார்கள் இல்லையா, மேலே உன் போட்டோவைப் போட்டு, கீழே மானம் போகிற மாதிரி நாலு வரி பாட்டு எழுதி. அந்த மாதிரி இது என் மடல். எனக்குப் பாட்டுக் கட்ட வராது. அஞ்சாங்கிளாஸோடு என்னை நிறுத்திவிட்டார்கள், யார் நிறுத்தினார்கள் என்பதும் எனக்கு மறக்கவில்லை. நான் சொல்வதை நீ கேட்காவிட்டால் இதையே கட்டாக ஜெராக்ஸ் எடுத்துச் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். பெண்ணாடத்துச் சம்பந்திகள் வெற்றிலை போட்டுக்கொண்டே படிக்கட்டும்.

கோபத்தைப் பிடித்து வைப்பதில் இந்தக் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நம் வீடு பார்க்க வந்த அன்று உன் மாமனார் என் கேசரியை ஒரு வாய் எடுத்துவிட்டு, "சக்கர மில்லுல வேலை பாக்குற எனக்கே இது ஜாஸ்திங்க" என்று சிரித்தாரே, அது எனக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் மறப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. அது என் சுபாவம், என் உடம்புக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. உனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வயசில் நீ யாரோடு சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நேற்று நீ கத்தினதும் கோபக்காரன் கத்துகிற மாதிரி இல்லை. பசியோடு இருக்கிற பிள்ளை கத்துகிற மாதிரி இருந்தது. ஆகையால் கோபம் வைத்திருக்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு. உன் பங்கையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

என் கல்யாணத்தில் நடந்ததை நீ கேட்டிருக்கிறாய், ஆனால் எதற்காகச் சொல்கிறேன் என்று காது கொடுத்ததில்லை. மாப்பிள்ளை போட்டது போக மிச்ச முடிச்சை நாத்தனார் போடவேண்டும். உன் அத்தை, அப்பாவின் தங்கை, கை விளக்கோடு என் பின்னால் நின்றாள். அவளுக்கு எடுத்த சேலை மாம்பழ மஞ்சளாக இல்லாமல் இலைப்பச்சையாக இருந்ததாம். மேளம் கொட்டுகிற நேரத்தில் விளக்கைப் பந்தக்காலடியில் வைத்துவிட்டு, "எனக்குத் தலை சுத்துது" என்று போய் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு பெண்பிள்ளையைக் கூட்டத்திலிருந்து இழுத்து வந்து முடிச்சுப் போட்டார்கள். அவள் யார், எந்த ஊர், முகம் எப்படி இருந்தது, எனக்கு நினைவில்லை. எனக்கே நினைவில்லை என்றால் பார்த்துக்கொள். அதற்கப்புறம் உன் அப்பாவோடு எனக்குச் சண்டை வந்தபோதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து, "நீதான முடிச்சுப் போட்ட, வந்து உன் அண்ணனக் கேளு" என்று சொல்ல எனக்கு ஒருத்தி இல்லாமல் போனாள். முடிச்சுப் போடுகிறவள் சும்மா நூலைச் சுற்றிவிட்டுப் போகிறவள் இல்லை, சரவணா. அந்தப் பெண்ணுக்கு உன் வீட்டில் முதல் ஆள் அவள்தான். பெண்ணாடத்திலிருந்து வரப்போகிற நித்யாவுக்கு அந்த ஆள் வேண்டும். பெரியப்பா பொண்ணு நல்லவள்தான், ஆனால் அவள் திருப்பூரில் இருக்கிறாள்.

இப்போது நம் டைப் அடிக்கிற கடைக்கு வருகிறேன். அப்பா போன மறு வருஷம் சிதம்பரம் வடக்கு வீதியில் அந்த இடத்தைப் பிடித்தோம். ரெண்டு கம்ப்யூட்டரை முதுகோடு முதுகாக வைத்து, இந்தப் பக்கம் உன் அக்கா கலா, அந்தப் பக்கம் நீ. வாசலோரம் ஸ்பைரல் பைண்டிங் மெஷினோடு நான். கலாவுக்குப் பேஜ்மேக்கர் சாப்ட்வேர் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, எதைக் கொடுத்தாலும் அழகாகப் பக்கம் கட்டிவிடுவாள். யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் தீசிஸ் கொண்டுவர ஆரம்பித்த பிறகுதான் உன் வேலை வந்தது. அவர்கள் தாளில் எழுத்தைவிடக் கொக்கியும் கோடும் ஜாஸ்தி. பேஜ்மேக்கரில் அதை அடிக்க வராது என்று, ஈக்வேஷன் அடிக்கிறதற்கென்றே இருக்கிற சாப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்து உன் கம்ப்யூட்டரில் போட்டாய். அன்றைக்கு நீ என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எம்மா, பைண்டிங்க வுட்டுட்டு இங்க வா. ரூட்டுன்னு ஒன்னு இருக்குது பாரு."

அந்த ரூட்டுக் குறிக்குக் கீழே நம் வீட்டு ஆள்களின் முதல் எழுத்தை இங்கிலீஷில் ஒவ்வொன்றாக அடித்தாய், நடுவில் கூட்டல் போட்டு. போன மனுஷன் எழுத்தையும் சேர்த்தாய். ஒவ்வொரு எழுத்து வர வர, அந்த ரூட் தன் மேல்கோட்டைத் தானே நீட்டிக்கொண்டது. குடையை விரிக்கிற மாதிரி. "இன்னும் எத்தினி பேரு வந்தாலும் நீளும்மா, நாம ஒன்னும் பண்ண வாணாம்" என்றாய். கலா திரும்பிப் பார்க்காமலே, "அப்பிடின்னா ரெண்டு குடித்தனத்த வாடகைக்கு வச்சிடலாம்" என்றாள். நீ பேப்பரைச் சுருட்டி அவள்மேல் எறிந்தாய். எனக்கு அந்தக் கணக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் கடையில் நான் பார்த்ததிலேயே நல்ல நாள் அதுதான்.

வேலை எப்படி நடந்தது என்பதை நித்யாவும் தெரிந்துகொள்ளட்டும். தமிழை எல்லாம் அக்கா அடிப்பாள். ஈக்வேஷன் வருகிற இடத்தில் நிறுத்தி, இடம் விட்டு, மேலே போவாள். பின்னம் என்றால் "இது மாடி வூடு" என்பாள், வரிக்கும் வரிக்கும் நடுவில் கூடுதலாக இடம் விடுவாள். நீ உன் பக்கத்தில் ஈக்வேஷன்களை அடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாகச் சேமித்து, அவள் கட்டின பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டுவாய். முடிந்ததும் சிடியில் போட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற பிரஸ்ஸுக்கு நான் பஸ்ஸில் எடுத்துப்போவேன். முதல் தடவை ஈக்வேஷன் படங்கள் இருக்கிற போல்டரை நீ சிடியில் சேர்க்கவில்லை. அங்கே அச்சில் எல்லாம் புள்ளி புள்ளியாக, கரப்பான் அரித்த மாதிரி விழுந்தது. அந்த பிரஸ்காரன், "கொழந்தயத் தூக்கினு வந்த, பால் பாட்டில வுட்டுட்டு வந்துட்டியேம்மா" என்று நாலு பேர் எதிரில் என்னைச் சொன்னான். அவன் பெண் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. தெரிந்தேதான் போகவில்லை.

அந்த ஒட்டுகிற விஷயம் இருக்கிறதே, அதில்தான் நம் வீடு ரெண்டாகப் போனது. ஈக்வேஷனை ரெண்டு விதமாக ஒட்டலாம் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஒன்று, வரிக்குள்ளே கர்சரை வைத்து ஒட்டுவது. அப்போது அது வரியில் ஒரு எழுத்து மாதிரி உட்கார்ந்துகொள்ளும், வரி நகர்ந்தால் கூடவே நகரும். ஆனால் வரி கோணும். பின்னம் வந்தால் ஒரு வரி தூக்கிக்கொள்ளும், அடுத்தது அமுங்கும், ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே கீழே இழுத்துச் சரி பண்ணவேண்டும். இன்னொன்று, பக்கத்தின்மேல் சும்மா வைப்பது. ஸ்டிக்கர் மாதிரி. வேகமாக முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அடியில் வரி நகர்ந்தால் அது நகராது. இருந்த இடத்திலேயே நிற்கும்.

குறிஞ்சிப்பாடி கணக்கு வாத்தியார், ரிட்டையர் ஆனவர், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கைடு எழுதிக் கொண்டுவந்தார். உங்கள் ரெண்டு பேர் பெயரையும் முன்பக்கத்தில் போடுவதாகச் சொன்னார். அந்த ஆசையில் நீ வேகமாக முடிக்கப் பார்த்தாய். எல்லா ஈக்வேஷனையும் ஸ்டிக்கராக வைத்தாய், அக்காவிடம் சொல்லவில்லை. கடைசியில் வாத்தியார் வந்து முதல் பாடத்தின் கடைசியில் ரெண்டு வரி சேர்க்கச் சொன்னார். அக்கா சேர்த்தாள், உன்னிடம் சொல்லவில்லை. அதற்குக் கீழே இருந்த தமிழ் எல்லாம் ஒரு படி இறங்கிவிட்டது. ஈக்வேஷன் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவள் சிடி போட்டாள், நான் பஸ் ஏறினேன், பிரஸ்காரன் அடித்துத் தள்ளினான். புத்தகம் வந்தபோது ஒவ்வொரு ஈக்வேஷனும் அடுத்த வீட்டு வரியில் குடியிருந்தது.

வாத்தியார் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பெஞ்சியில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "பசங்க பாஸாவுறதுக்கு எழுதினேம்மா. இதைப் படிச்சா நானே ஃபெயிலாயிடுவேன் போல இருக்குதே" என்றார்.

"எப்பிடிடா ஒட்டின?" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"நீ எதுக்கு அதுல கை வச்ச? பக்கம் முடிஞ்சிதுன்னா முடிஞ்சிதுதான்."

"சார் சேக்கச் சொன்னாரு, சேத்தேன். வரியோட ஒட்டியிருந்தா வரியோட போயிருக்கும் இல்ல?"

"அத்தினியும் அப்பிடி ஒட்டினா வரி ஏறி எறங்கும். யாரு சரி பண்றது, நீயா?"

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேன்."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

இதுவரைக்கும் ரெண்டு பேர் பேச்சும் சரிதான். இதோடு நிறுத்தியிருந்தால் மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். "நான் வேணா அப்புறம் வரட்டுங்களா" என்று வாத்தியார்கூட எழுந்துவிட்டார். அப்போதுதான் நீ, "டைப் அடிக்கிறவளுக்கு இதுக்கு மேல சொன்னாப் புரியாது" என்றாய். அவள், "படம் ஒட்டுறவன் பேசற பேச்சப் பாரு" என்றாள். புத்தகம் வீணானதை அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. இந்த ரெண்டு வார்த்தை மட்டும்தான் வீட்டில் நின்றது. மறுநாள் காலையில் நீ உன் கம்ப்யூட்டரைக் கழற்றினாய். மானிட்டரை ஒரு போர்வையில் சுற்றினாய். அது என் போர்வை. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். கடலூரில் கடை போட்டாய், நன்றாகவும் போட்டாய். போர்வை இன்னும் வரவில்லை.

தானே புயல் அடித்த மறுநாள் நீ தண்ணீர் கேனும் மெழுகுவத்தியும் தூக்கிக்கொண்டு, மரம் விழுந்த ரோட்டில் எப்படியோ வந்து சேர்ந்தாய். எனக்கு அப்படியே உயிர் வந்தது. ஆனால் நீ வாசல்படியைத் தாண்டவில்லை, ஏனென்றால் உள்ளே அக்கா இருந்தாள். அவளும் வெளியே வரவில்லை, ஏனென்றால் வாசலில் நீ இருந்தாய். "யாழினி, மாமாவுக்கு டீ வேணுமான்னு கேளு" என்று அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "குடிச்சிட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று நீ அதைவிடச் சத்தமாகச் சொன்னாய். இந்த ஊரில் அன்றைக்கு எவன் டீக்கடை திறந்திருந்தான், சொல். என் பேத்தி ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏன் ஆயா, இவுங்களுக்குக் காது கேக்காதா?" என்று என்னைக் கேட்டாள்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு எதிர்மேஜை காலியாகவே இருக்கிறது. யுபிஎஸ் ஒயர்கூட அப்படியே தொங்குகிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வருகிற பையன், "அக்கா, அந்த ஈக்வேஷன் சாப்ட்வேர உங்க சிஸ்டத்துலயே போட்டுத் தரேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். "வாணாம், அது தம்பி வேலை" என்கிறாள். யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் வந்தால் திருப்பி அனுப்பவில்லை. தமிழோ இங்கிலீஷோ எழுத்தை எல்லாம் அடித்து, ஈக்வேஷனுக்கு இடம் விட்டு, பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, "கடலூர் போங்க, இந்த மாதிரி ஒரு கடை" என்று உன் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறாள். யார் அடித்தது என்று சொல்லக்கூடாது என்று வேறு சொல்லி அனுப்புகிறாள். போன பொங்கலுக்கு நீயே என்னிடம் சொன்னாய், "சிதம்பரத்துலருந்து வேலை வருதும்மா, யாரோ வெவரம் தெரிஞ்சவங்க அடிச்சி அனுப்பறாங்க, மாடி வூட்டுக்கு மாடி வூடு எடம் வுட்டிருக்குது" என்று. மாடி வீடு என்று உன் வாயால் சொல்லிவிட்டு, யார் என்று தெரியவில்லை என்றால் நான் நம்பவேண்டுமா? உனக்குத் தெரியும். ஆனால் தெரியாதவன் மாதிரி அந்த இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றும் உண்டு. வாத்தியார் புத்தகத்தை நீ தனியாகவே முதலிலிருந்து செய்து கொடுத்தாய் இல்லையா, அதில் ஒன்றை அவர் கடையில் கொண்டுவந்து வைத்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கலா எல்லாப் பக்கத்தையும் திருப்பினாள். தலைப்புக்கெல்லாம் எழுத்து பெரிசாகப் போட்டிருக்கிறாய் என்று உதட்டைச் சுழித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும், "எல்லாம் வரியிலதான் உக்காந்துருக்குது" என்றாள். அந்தப் புத்தகம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை. நித்யா வரப்போகிறாள். அவளை உன் வீட்டுமேல் ஸ்டிக்கராக வைக்காதே. பார்க்க அழகாக இருக்கும், யாருக்கும் தொந்தரவு இருக்காது, ஆனால் வீட்டில் ரெண்டு வரி மாறினால் அவள் எங்கேயோ நிற்பாள், நீ எங்கேயோ இருப்பாய். உள்ளே சேர். சேர்த்தால் வரி கோணத்தான் செய்யும். ஒன்று தூக்கும், ஒன்று அமுங்கும். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, சரி பண்ணிக்கொண்டே இரு. அலுத்துப்போகாதே. ஒன்றை மாற்றினால் ஒரு வார்த்தை சொல். சொல்லாவிட்டால் ஒரு வார்த்தை கேள். கேசரியில் சர்க்கரை ஜாஸ்தி என்றால் அவளிடம் மட்டும் சொல், ஊர் எதிரில் சொல்லாதே. அக்காவுக்கு நாத்தனார் சேலை நீயேதான் எடுக்கவேண்டும். எடுப்பதற்கு முன்னால் என்ன நிறம் என்று அவளையே கேள். என் கல்யாணத்தில் உன் அத்தையை யாரும் கேட்கவில்லை. அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

இதுவரைக்கும் கையால் எழுதி அக்காவிடம்தான் டைப் பண்ணக் கொடுத்தேன், இனி வாயால் சொல்லச் சொல்ல அடிக்கிறாள். வேறு யாரிடம் கொடுப்பேன்? கரண்ட் இருக்கிற நேரம் அடிக்கிறாள், போனால் யுபிஎஸ் கத்துகிறது, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வந்தால் மறுபடி அடிக்கிறாள். உன்னைப் படம் ஒட்டுறவன் என்று சொன்ன இடம் வந்ததும் விரல் நின்றது. "எம்மா, இத எடுத்துடட்டா?" என்றாள். "எழுதினத எழுதினபடி அடி" என்றேன். அடித்தாள். நாத்தனார் முடிச்சு என்று வந்த இடத்தில் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள்.

கடைசியில் அந்த ரூட்டைப் போடவேண்டும் என்றேன், நீ முதல் நாள் எங்களுக்குப் போட்டுக் காட்டினதை. அவளிடம்தான் அந்த சாப்ட்வேர் இல்லையே. "உள்ள யார் யாரு வராங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு இருந்தவர்களைச் சொன்னேன். அப்புறம் அக்காவுக்கு வந்த மாப்பிள்ளையைச் சொன்னேன், யாழினியைச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் இடம் தட்டிக்கொண்டே வந்தாள். நான் நிறுத்தின பிறகும் ஒரு இடம் கூடுதலாகத் தட்டினாள். "அது யாருக்குடி?" என்றேன். திரையைப் பார்த்தபடியே, "பெண்ணாடத்துக்காரிக்கு" என்றாள்.

இதோ, அந்த இடம்:                         .

பென்டிரைவை இந்தக் கடிதத்தோடு மாப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் கம்ப்யூட்டரில் திற. அவள் விட்ட இடம் சரியாக இருக்கும், அளந்து பார்க்காதே. ரூட்டை அடித்து, வரியோடு சேர்த்து ஒட்டு. ஒட்டினதை ஆளிடம் கொடுத்து அனுப்பாமல் நீயே எடுத்துக்கொண்டு வா. எதிர்மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை, நாற்காலி இருக்கிறது. வரும்போது என் போர்வையையும் கொண்டுவா.

உன் அம்மா